42 லட்சம் வருது, எங்க போடறது? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி திருவொற்றியூர்ல இருந்து ஒரு சார் அனுப்பியிருக்காரு. எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில வேலை, 58 வயசு, அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறாரு. பி.எஃப்., கிராஜுவிட்டி, லீவு சம்பளம் எல்லாம் சேர்ந்து 42 லட்சம் வரும். சொந்த வீடு, மாடி போர்ஷனுக்கு 8,000 வாடகை. பி.எஃப். பென்ஷன் 5,000. வீட்டுச் செலவு மாசம் 30,000. கடன் இல்ல, பொண்ணு கல்யாணமும் முடிஞ்சுது. "பையன் மியூச்சுவல் ஃபண்டுல போடுங்கறான், மச்சான் வட்டிக்கு விடுங்கறாரு, வீட்டுக்காரம்மா பேங்க்லயே கிடக்கட்டும்ங்கறாங்க. எது சரி?"ன்னு கேக்குறாரு.

சார், முதல்ல மச்சான் கணக்கை முடிச்சிடுவோம். நூத்துக்கு மாசம் மூணு ரூபா வட்டின்னா வருஷத்துக்கு 36 சதவீதம். அவ்வளவு வட்டி கட்டுற ஆளு, வேற எங்கயும் கடன் கிடைக்காததாலதான் உங்ககிட்ட வர்றாரு. முதல் பத்து மாசம் வட்டி ஒழுங்கா வரும். அதை நம்பி இன்னும் கொஞ்சம் போடுவீங்க. அப்புறம் போன் எடுக்க மாட்டாங்க. வேணாம், விட்டுடுங்க.

வீட்டுக்காரம்மா சொல்றதுல நியாயம் இருக்கு. 42 லட்சத்தையும் 7 சதவீத எஃப்.டி.யில போட்டா மாசம் 24,500 வட்டி. வாடகையும் பென்ஷனும் சேர்த்தா 37,500. செலவு 30,000 தானே, மிச்சம்கூட ஆகுது. ஆனா விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறுச்சுன்னா இதே 30,000 செலவு 12 வருஷத்துல 60,000 ஆயிடும். அப்ப உங்களுக்கு 70 வயசு. பி.எஃப். பென்ஷன் அதே 5,000-ல நிக்கும், அதுக்கு அகவிலைப்படி கிடையாது. வாடகை ஒரு 14,000 ஆகியிருக்கும். வட்டியை அப்பப்ப செலவு பண்ணியிருந்தா அது அதே 24,500. ஆக 43,500 வருது, 60,000 போகுது. நிறைய பேர் மாட்டிக்கிறது இங்கதான், ஏன்னா முதல் அஞ்சாறு வருஷம் ஒண்ணுமே தெரியாது.

அதனால எதுல வட்டி ஜாஸ்தின்னு பாக்காதீங்க. எந்தப் பணத்தை எந்த வருஷம் எடுத்துச் சாப்பிடப் போறோம்னு பிரிங்க. இன்னிக்கு உங்களுக்குக் குறையறது 30,000-ல வாடகையும் பென்ஷனும் 13,000 போக 17,000.

அதுக்கு 24 லட்சத்தை சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம்ல போடுங்க. போஸ்ட் ஆபீஸ்லயும் திறக்கலாம், பெரிய பேங்க்லயும் திறக்கலாம். 8.2 சதவீதம்னா வருஷம் 1,96,800. மூணு மாசத்துக்கு ஒருக்கா 49,200 வரும், மாசக் கணக்குல 16,400. திறக்கிற அன்னிக்கு என்ன வட்டியோ அது 5 வருஷத்துக்கு மாறாது. ஒருத்தருக்கு உச்ச வரம்பு 30 லட்சம்.

இங்க ஒரு விஷயம். இது 60 வயசுக்காரங்களுக்கான திட்டம். 55-க்கு மேல ரிட்டயர் ஆனவங்களும் சேரலாம், ஆனா ரிட்டயர்மென்ட் பணம் கைக்கு வந்த நாள்ல இருந்து 3 மாசத்துக்குள்ள போட்டாகணும். என்ன தொகை, எந்தத் தேதியில கொடுத்தாங்கன்னு கம்பெனியில லெட்டர் வாங்கி வெச்சுக்குங்க. பையன்கிட்ட கேட்டு யோசிக்கலாம்னு நாலு மாசம் போச்சுன்னா, அப்புறம் 60 வயசு வரைக்கும் உள்ள வர முடியாது. நடுவுல மூடினாலும் நஷ்டம்: ஒரு வருஷத்துக்குள்ளன்னா வாங்கின வட்டியைப் பிடிச்சுக்குவாங்க, ரெண்டு வருஷத்துக்குள்ளன்னா அசல்ல 1.5 சதவீதம், அதுக்கப்புறம்னா 1 சதவீதம்.

வட்டி வர்றது ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி. வீட்டுச் செலவு மாசாமாசம். அதனால வட்டி ஒரு தனி சேவிங்ஸ் கணக்குல விழட்டும். அங்க இருந்து ஒண்ணாந்தேதி 17,000 வீட்டுக் கணக்குக்குப் போற மாதிரி பேங்க்ல எழுதிக் கொடுத்துடுங்க.

3 லட்சம் ஆஸ்பத்திரி, வீட்டு ரிப்பேர்னு அவசரத்துக்கு, எப்ப வேணா உடைக்கிற எஃப்.டி. கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் ரிட்டயர் ஆனதும் நின்னுடும். அது நிக்கறதுக்கு முன்னாடியே தனி பாலிசி எடுங்க. அதோட பிரீமியம் அந்த 30,000-க்குள்ள இருக்கான்னு பாருங்க, முக்கால்வாசி பேரு அதைச் சேர்க்காமதான் கணக்கு சொல்றாங்க.

இன்னொரு 5 லட்சத்தை லட்சம் லட்சமா அஞ்சு எஃப்.டி.: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு வருஷத்துக்கு. செலவு ஏற ஏற 16,400 பத்தாம வரும்ல, அந்தக் குறையை இது அடைக்கும். வாடகையை வருஷம் 5 சதவீதம் ஏத்துறதா வெச்சுப் பாத்தா, ரெண்டாவது வருஷம் குறையறது 24,000 தான். அஞ்சாவது வருஷம் சுமார் 81,000. ஏழு வருஷத்துக்கும் கூட்டினா ஏறக்குறைய நாலரை லட்சம். ஆக இந்த 5 லட்சம் ஏழு வருஷம் தாங்கும். ஆனா அஞ்சு வருஷம் முடிஞ்சதும் சீனியர் சிட்டிசன் கணக்கை இன்னும் 3 வருஷத்துக்கு நீட்டிக்கும்போது அன்னிக்கு இருக்கிற வட்டிதான். குறைஞ்சிருந்தா இதுவும் சீக்கிரம் கரையும்.

மீதி 10 லட்சம்தான் பையன் சொல்ற இடத்துக்கு. நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டு, அதாவது பங்குச் சந்தையில நிஃப்டி பட்டியல்ல இருக்கிற 50 பெரிய கம்பெனிப் பங்குகளை அப்படியே வாங்கி வெக்கிற ஃபண்டு போதும். அதுலயும் ஏஜென்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான். ஒரே நாள்ல போடாதீங்க. லிக்விட் ஃபண்டுல (குறுகிய காலக் கடன் பத்திரங்கள்ல போடற, ஏத்த இறக்கம் கம்மியான ஃபண்டு) வெச்சு மாசம் 50,000 வீதம் 20 மாசத்துல மாத்துங்க.

இந்தப் பத்து லட்சத்துல மாசம் 10,000 எஸ்.டபிள்யூ.பி. (ஃபண்டுல இருந்து மாசாமாசம் ஒரு தொகையைத் தானா எடுக்கிற முறை) எடுக்கலாம், அசல் குறையவே குறையாதுன்னு யாராவது காகிதத்துல போட்டுக் காட்டினா கையெழுத்து போடாதீங்க. அது வருஷத்துக்கு 12 சதவீதம். 2020 ஜனவரியில 12,000-க்கு மேல இருந்த நிஃப்டி மார்ச்ல 7,600-க்கு வந்துச்சு. அந்த மாதிரி விழுந்து 10 லட்சம் 6 லட்சம் ஆகும்போது அதுல ஒரு லட்சம் எடுத்துட்டீங்கன்னா, மிச்ச 5 லட்சம் பழைய இடத்துக்கு வர ரெண்டு மடங்கு ஆகணும். எடுக்காம இருந்திருந்தா 67 சதவீதம் ஏறினாப் போதும். அதே 2020 நவம்பர்லயே நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டிடுச்சு. 2008-ல விழுந்தப்ப ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. ரெண்டுக்கும் தாக்குப்பிடிக்கத்தான் அந்த அஞ்சு எஃப்.டி.

அஞ்சாவது வருஷத்துல இருந்து ஏப்ரல் மாசம் ஒரு தடவை மட்டும் பாருங்க. ஃபண்டு போன ஏப்ரலை விட ஏறியிருந்தா அடுத்த ரெண்டு வருஷக் குறையை அங்க இருந்து எடுத்து எஃப்.டி. ஆக்குங்க. இறங்கியிருந்தா தொடாதீங்க. ஒரு நிதியாண்டுல லாபம் 1.25 லட்சத்துக்குள்ள இருக்கிற மாதிரி எடுத்தா, ஒரு வருஷம் தாண்டின யூனிட்டுக்கு வரியும் இல்ல.

கடைசியா, எஃப்.டி. போட பேங்க் போனா "சார், இதைவிட நல்ல ஸ்கீம்"னு இன்ஷூரன்ஸ் பாலிசியை நீட்டுவாங்க. தெரியாம வாங்கிட்டீங்கன்னா பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள்ள திருப்பிக் கொடுத்துடலாம். எல்லாக் கணக்குலயும் வீட்டுக்காரம்மாவை ஜாயிண்டா சேருங்க, சீனியர் சிட்டிசன் கணக்குல ரெண்டாவது பேருக்கு வயசு வரம்பு கிடையாது. உங்களுக்கு அப்புறம் பி.எஃப். பென்ஷன் அவங்களுக்குப் பாதிதான் வரும், அதையும் இப்பவே கணக்குல எடுத்துக்குங்க.