நாப்பழக்கத்துக்கு வாரம் ஒரு மாலை

(டோக்கியோ நிஷி-கசாயில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எங்கள் அழைப்பை ஏற்று எடோகாவா வார்டு அலுவலகத்திலிருந்து வந்து, தமக்குப் புரியாத மொழியில் நடக்கும் கூட்டத்தில் இவ்வளவு பொறுமையாக அமர்ந்திருக்கும் அம்மையார் அவர்களே, நமக்கெல்லாம் முன்பே இங்கே வந்து, வீடு பிடிப்பதிலிருந்து பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதுவரை வழிகாட்டிய மூத்தவர்களே, மண்டபத்தை இரவுவரை திறந்து வைக்க இசைந்த பொறுப்பாளர் அவர்களே, பின்னால் சாப்பாட்டு வேலையைப் பார்த்துக்கொண்டே காதை இங்கே வைத்திருக்கும் சகோதரிகளே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய ஐயா, குழந்தைகளின் தமிழ் வகுப்பைப் பற்றிச் சொன்ன ஒவ்வொன்றையும் வழிமொழிகிறேன். அந்த வகுப்பை இத்தனை காலம் விடாமல் நடத்திவரும் ஆசிரியைகளுக்கு இந்த மேடையிலிருந்தே ஒரு கும்பிடு.

ஜப்பானியர்கள் பேச்சு வழக்கு ஆங்கிலம் கற்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, மரபுத்தொடர்கள் அவர்களை எங்கே தடுக்கிவிடுகின்றன என்பது. இரண்டு, காது. மூன்று, கொச்சைச் சொல்லை யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்பது. மூன்றுக்கும் முன்னால் ஔவை வாக்கு ஒன்று: சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். நான் ஏறிய மேடை எதிலும் இதைச் சொல்லாமல் இறங்கியதில்லை. ஜப்பானியர்களும் இதையே 'நராஉ யோரி நரேரோ' என்பார்கள். பாடம் படிப்பதைவிடப் பழகிக்கொள் என்று பொருள்.

ஜப்பானியர்கள் ஆங்கிலம் படிப்பதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020 முதல் தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்பிலேயே அது முறையான பாடம். மூன்றாம் வகுப்பிலேயே பாட்டும் விளையாட்டுமாகத் தொடங்கிவிடுகிறார்கள். 2021இல் வந்த பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வில் வாசிப்புக்கு 100 மதிப்பெண் என்றால் கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் 100. மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு அச்சடித்த கையடக்கப் புத்தகத்தை ரயிலில் சிவப்பு பிளாஸ்டிக் தாளால் மறைத்து மறைத்து மனப்பாடம் செய்யும் பிள்ளைகளை நீங்களே தோசாய் லைனில் தினமும் பார்க்கிறீர்கள். அவ்வளவு உழைப்பு! ஆனால் அந்தப் பட்டியல்களில் என்ன இருக்கிறது? பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்ற தொடர் எல்லோருக்கும் மனப்பாடம். இன்று அதை யார் பேசுகிறார்கள்? 'மை பேட்' (என் தப்பு), 'நோ வொரீஸ்' (பரவாயில்லை), 'ஹேங் அவுட்' (சும்மா சேர்ந்து பொழுதுபோக்குவது) என்று நாள் முழுக்கக் காதில் விழுகிறவைதான் தடுக்குகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலச் சொற்களை ஜப்பானியர்கள் எடுத்துத் தங்கள் விருப்பப்படி வளர்த்துவிட்டார்கள். நாம் எல்லோரும் குடியிருக்கும் அடுக்குமாடிக்கு 'மான்ஷன்' என்று பெயர். வேண்டியதை எடுத்துச் சாப்பிடும் விருந்துக்கு 'வைக்கிங்' என்று பெயர். 1958இல் இம்பீரியல் ஹோட்டல் தொடங்கிவைத்தது. 'டென்ஷன்' ஏறியது என்றால் உற்சாகம் ஏறியது என்று பொருள். அலுவலகத்தில் ஒரு ஜப்பானிய நண்பர் சிரித்த முகத்தோடு இன்று தனக்கு டென்ஷன் அதிகம் என்று ஆங்கிலத்தில் சொன்னால், தமிழன் முதலில் தண்ணீர் பாட்டிலைத்தான் நீட்டுவான். தெரியாத சொல்லை அகராதியில் பார்க்கலாம். தெரிந்ததாக நினைத்திருக்கும் சொல்லை யார் பார்க்கப் போகிறார்கள்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர்தான் அதைச் சொல்ல முடியும்.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். குமமோட்டோவில் நான் வேலை பார்த்த காலத்தில், பக்கத்துக் கோமின்கானில், அதாவது ஊர்ப் பொதுமன்றத்தில், மாலையில் ஓர் ஆங்கில உரையாடல் வட்டம் கூடும். ஓய்வுபெற்ற நர்ஸ் பாட்டி ஒருவர்தான் அதன் உயிர். பள்ளிக்கு ஆங்கில உதவி ஆசிரியராக வந்திருந்த ஓர் அமெரிக்கப் பையனும் வருவான். வெளிநாட்டு இளைஞர்களைப் பள்ளிகளுக்கு வரவழைக்க 1987இல் அரசு தொடங்கிய ஜெட் திட்டத்தில் வந்தவன். ஒரு நாள் மழையில் சைக்கிள் மிதித்து, தலையெல்லாம் சொட்டச் சொட்ட உள்ளே வந்தவன், 'எனக்கு இருக்கிற பசிக்கு ஒரு குதிரையையே தின்பேன்' என்றான். ஆங்கிலத்தில் அது வெறும் பசிப் பேச்சு. ஆனால் கேட்டது யார்? குமமோட்டோக்காரர்! குதிரைக் கறியைச் சமைக்காமல் பச்சையாகவே சாப்பிடுவதற்குப் பேர்போன ஊர் அது. பாட்டிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வெளிநாட்டுப் பிள்ளை நம் ஊர்ச் சாப்பாட்டை வாய்விட்டுக் கேட்கிறானே என்று, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே போனார் என்று எங்களுக்குத் தெரியாது. பையன் மூன்றாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை என்று தமிழ் இலக்கணம் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அரை மணி நேரத்தில் பாட்டி ஒரு தட்டோடு வந்தார். செக்கச்செவேலென்று மெல்லிசாக அரிந்த கறி, ஓரத்தில் துருவிய இஞ்சி, பூண்டு, சின்னக் கிண்ணத்தில் அந்தப் பக்கத்து இனிப்புச் சோயா சாஸ். 'நீ கேட்ட குதிரை' என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். நான் சைவம், சுவரைப் பார்த்தேன். அவன் கைகூப்பி, சாப்பிடும் முன் ஜப்பானியர்கள் சொல்லும் 'இததாகிமஸ்' சொல்லிவிட்டு ஒரு துண்டு எடுத்தான். அப்புறம் தட்டு காலியாகும்வரை நிறுத்தவில்லை! சாப்பிட்டு முடித்த பிறகுதான் அந்தத் தொடரின் பொருளைச் சொன்னான். பாட்டி கண்ணில் நீர் வரச் சிரித்தார். பதிலுக்கு அவர் ஒன்று சொல்லிக்கொடுத்தார்: வேலை தலைக்கு மேல் இருந்தால் 'பூனையின் கையைக்கூடக் கடன் வாங்கலாம் போலிருக்கிறது' என்பார்கள் ஜப்பானியத்தில். அவன் அதைப் பள்ளி ஆசிரியர் அறையில் ஒரு தேர்வு நாளில் எடுத்துவிட, அதுவரை தலையசைப்போடு நின்றிருந்த ஆசிரியர்கள் எழுந்து வந்து காகிதக் கட்டுகளை வாங்கிக்கொண்டார்களாம். பாட்டியோ அதன் பிறகு எந்த வெளிநாட்டவர் வந்தாலும் அந்தக் குதிரைத் தொடரைச் சொல்லித்தான் பேச்சையே தொடங்குவார். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். அந்தப் பாட்டியின் நாவில் அது ஏறிவிட்டது.

இரண்டாவது, காது. மஞ்சிரோவை இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியும். தோசா நாட்டு, அதாவது இன்றைய கோச்சிப் பகுதியின், மீனவச் சிறுவன். 1841இல், 14 வயதில், புயலில் சிக்கி ஆளில்லாத் தீவில் ஒதுங்கினான். அமெரிக்கத் திமிங்கல வேட்டைக் கப்பல் ஒன்று அவனைக் காப்பாற்ற, அதன் கேப்டன் விட்ஃபீல்ட் தன் ஊரான ஃபேர்ஹேவனில் வைத்துப் படிக்கவைத்தார். 1851இல் நாடு திரும்பியவர், 1859இல் ஆங்கில உரையாடல் நூல் ஒன்று எழுதினார். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒலியை விட்டுவிட்டு, மாலுமிகள் வாயில் தாம் கேட்ட ஒலியையே எழுதினார். போருக்குப் பிறகு, 1946 பிப்ரவரியில், ஹிரகவா ததாஇச்சி என்ற இன்னொருவர் வானொலியில் வந்தார். அமெரிக்காவில் ரயில் பாதைக் கூலியாக வேலை பார்த்து, வளர்ந்த பையனாகச் சிறுபிள்ளைகளோடு தொடக்கப் பள்ளியில் உட்கார்ந்து படித்தவர். எல்லோருக்கும் தெரிந்த குழந்தைப் பாட்டு மெட்டில் தொடங்கி, வீட்டில் பேசுகிற சாதாரணப் பேச்சையே தினமும் கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். அரிசிக்கு வரிசையில் நின்ற நாட்டில் மக்கள் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து ஆங்கிலம் பேசினார்கள். இரண்டு பேருமே மனிதர்களோடு பழகிக் கற்றவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

காதுக்கு ஜப்பானியர்களே ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். 'ஹொத்தா இமோ இஜிருனா' என்று வேகமாகச் சொல்லுங்கள். 'தோண்டிய கிழங்கைத் தொடாதே' என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் காதில் 'வாட் டைம் இஸ் இட் நௌ' என்று விழும்! அகராதி ஒலியை எழுத்துக்கு எழுத்து உச்சரிப்பதைவிட இது நன்றாக எடுபடுகிறது.

இனிச் சொல்வது கனமான விஷயம். 1992 அக்டோபர் 17. நகோயாவைச் சேர்ந்த ஹத்தோரி யோஷிஹிரோ, 16 வயது, அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரில் பரிமாற்ற மாணவன். ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது வீடு மாறி ஒரு வாசலில் நின்றான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து 'ஃப்ரீஸ்' என்று கத்தினார். பிள்ளை முன்னே நடந்தான். சுட்டுவிட்டார். குற்றம் துப்பாக்கியுடையது, அந்தப் பிள்ளையின் ஆங்கிலத்துடையது அல்ல. இதை நான் எங்கேயும் அழுத்திச் சொல்வேன். ஆனாலும் அன்று ஜப்பான் முழுக்கப் பெற்றோர்கள் கேட்டார்கள்: இத்தனை ஆண்டு படித்தும், 'அசையாதே' என்பதற்கு அங்கே சொல்லும் அந்த ஒரு சொல் நம் பிள்ளைகளுக்கு ஏன் தெரியாமல் போனது? அவனுடைய பெற்றோர் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காக லட்சக்கணக்கில் கையெழுத்துத் திரட்டினார்கள். மகன் நினைவாக நிதி அமைத்து, அமெரிக்க மாணவர்களை ஜப்பானுக்கு வரவழைத்துத் தங்கவைத்தார்கள். நான் வணங்கும் மனிதர்கள் அவர்கள்.

மூன்றாவது விஷயத்துக்கு நேரம் இல்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் இங்கே வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். 1949இல் சட்டம் போட்டு இந்த நாடு ஊருக்கு ஊர் பொதுமன்றங்களை வளர்த்தது. நம் வட்டாரத்திலும் பொது மண்டபங்கள் இருக்கின்றன. அவற்றில் ஓர் அறையை, வாரம் ஒரு மாலை, தேர்வும் கட்டணமும் மதிப்பெண்ணும் இல்லாத ஆங்கில உரையாடல் மேசைக்குக் கொடுக்க வேண்டும். அம்மையார் அவர்களே, இதுதான் என் கோரிக்கை. ஜப்பானியத்தில் எழுதிய மனுவை உங்களிடம் தந்திருக்கிறேன். தமிழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அலுவலகத்தில் பல நாட்டவரோடு ஆங்கிலத்தில் மல்லுக்கட்டுகிறவர்கள் நாம். நம் வாக்கிய அமைப்பும் ஜப்பானியமும் ஒரே போக்கில் போவதால், அவர்கள் எங்கே தடுக்குவார்கள் என்று நமக்குத் தெரியும். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். பக்கத்து வீட்டுக்காரரின் நாவுக்குப் பழக்கம் தர நம்மிடம் ஒரு மாலை இல்லையா?

வாசலருகே மேசையில் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறோம். எந்தக் கிழமை வர முடியும், ஜப்பானியம் எவ்வளவு தெரியும், குழந்தையைக் கூட்டி வருவீர்களா என்று மட்டும் எழுதினால் போதும். சாப்பிடப் போகும்முன் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.