இரவிலும் ஓர் ஆசிரியர் வேண்டும்

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே,

அரச போதனா வைத்தியசாலையில் அவசர மருத்துவ வைத்தியர்களை எவ்வாறு பயிற்றுவிப்பது என்பது குறித்துப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். கொட்டாஞ்சேனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரியும் தந்தையும், காலி வீதியில் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்படும் இளைஞனும் பெரும்பாலும் போய்ச் சேர்வது, 1864 முதல் இயங்கிவரும் தேசிய வைத்தியசாலை போன்றதோர் இலவச அரச வைத்தியசாலைக்கே. ஆகவே, இது வைத்தியர்கள் தமக்குள் பேசி முடிக்கும் காரியமாக இருக்க முடியாது.

நெடுங்காலமாக நமது வைத்தியசாலைகளில் நோயாளி வாசலில் ஒருமுறை பார்க்கப்பட்டு, உடனே ஏதேனும் ஒரு விடுதிக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவரை முதலில் தொட்டுப் பார்ப்பவர் பெரும்பாலும் உள்ளகப் பயிற்சி பெறும் இளம் வைத்தியராகவே இருந்தார். அவசர மருத்துவம் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் கீழ்த் தனியொரு நிபுணத்துவத் துறையாக உருப்பெற்றது அண்மைக் காலத்திலேதான். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கப்படும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையோ பின்னர் நாடெங்கும் விரிந்து, முன்னர் வழியிலேயே மடிந்திருக்கக்கூடியவர்களை இன்று உயிருடன் வாசலுக்குக் கொண்டுவருகிறது. அவர்களை அந்த வாசலில் யார் எதிர்கொள்கிறார் என்பதில்தான் என் கவலையெல்லாம் இருக்கிறது.

பெரிய வைத்தியசாலையில் நோயாளருக்குப் பஞ்சமில்லை, ஆதலால் பயிற்சி தானாகவே கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. திருத்துவாரின்றி நூறு முறை செய்த பிழை, கைப்பழக்கமாகிவிடும். நோயாளர் நெரிசலில் அது பிழையென்று எவர் கண்ணிலும் படுவதுமில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓர்கனோபொஸ்பரஸ் பூச்சிகொல்லி அருந்திய ஒருவர் கொண்டுவரப்படுகிறார். வாயில் நுரை, ஊசிமுனையளவு சுருங்கிய கண்மணிகள், நீர் நிறைந்து கரகரக்கும் நெஞ்சு. இந்நஞ்சுக்கு முறிமருந்தான அற்றோபின் கொடுக்க வேண்டும் என்பது எந்த மாணவருக்கும் தெரியும். ஆனால் முதலளவைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடக் கூடாது. ஐந்து நிமிடங்களில் திரும்பி வந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்க வேண்டும். நெஞ்சு தெளியவில்லையானால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். நெஞ்சு தெளிந்து, நாடித்துடிப்பும் மேல் இரத்த அழுத்தமும் 80ஐத் தாண்டும்வரை இதைத் தொடர வேண்டும். மிஞ்சிப் போனாலோ காய்ச்சலும் பிதற்றலும் தோன்றும், குடலோசை அடங்கிவிடும். எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பதைப் பயிலுநர் கற்பது, தாம் கேட்ட அதே நெஞ்சை மூத்தவர் ஒருவரும் கேட்டு, “இடது அடிப்பகுதியில் இன்னும் கரகரப்பு இருக்கிறது, மீண்டும் கேளுங்கள்” என்று சொல்லும்போதுதான். தொலைபேசியில் இதைக் கற்பிக்க இயலாது.

அதனால்தான் நிபுணர் இரவிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே நிற்க வேண்டும் என்கிறேன். வீட்டிலிருந்து அழைப்புக்குப் பதிலளிக்கும் ஏற்பாடு மற்றத் துறைகள் பலவற்றுக்குப் போதுமானதாக இருக்கலாம். முதல் பத்து நிமிடங்களிலேயே பாதி வேலை முடிந்துவிடும் இத்துறைக்கு அது போதாது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டைவிட்டுப் போய்விட்ட நிலையில் இது பெரிய கோரிக்கைதான் என்பதை அறிவேன். ஆயினும் தனியே விடப்பட்ட இளையவரே முதலில் சோர்ந்து வெளியேறுகிறார். இருக்கும் சில நிபுணர்களைப் பகலில் குவிக்காமல் முறைவைத்துப் பகிர்வதிலிருந்தேனும் தொடங்கலாம்.

அரிதாக வருவனவற்றுக்கு ஒத்திகை வேண்டும். 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடைத் தேவாலயத்திலும் ஹோட்டல்களிலும் நடந்த குண்டுவெடிப்புகளில் காயப்பட்டோர் வந்து குவிந்தபோது, யாரை முதலில் பார்ப்பது, யார் காத்திருக்கலாம் என்று தரம்பிரிக்கும் பொறுப்பு நொடிகளில் நிறைவேற்றப்பட வேண்டியிருந்தது. அத்தகைய நாளுக்கான பழக்கம் சாதாரண நாட்களிலேயே கைவர வேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலங்களுக்குள் கொடுத்தாக வேண்டும். காலை ஆறு மணிக்குப் பேச்சிழந்த நிலையில் காணப்பட்டவருக்கு அந்தக் கணக்கு ஆறு மணியிலிருந்து தொடங்குவதில்லை. அவர் கடைசியாக நலமாக இருந்த நேரத்திலிருந்தே தொடங்குகிறது. பதறி நிற்கும் மனைவியிடம் அதை அவருக்கு விளங்கும் மொழியில் பொறுமையாகக் கேட்டறியத் தெரியாத வைத்தியரிடம், எவ்வளவு படிப்பு இருந்தும் சிகிச்சை பிழைத்துப்போகும். எனவே தமிழிலும் சிங்களத்திலும் நோய் வரலாறு கேட்கும் திறனைப் பயிற்சிக் காலத்திலேயே சோதிக்க வேண்டும். ஒத்திகைகளில் நோயாளியாகவும் உறவினராகவும் நடித்து, தமிழில் பதில் சொல்ல ஆட்கள் தேவைப்படுவார்கள். இச்சபையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் நாடகக் கலைஞர்களும் மாதத்தில் ஓர் அரைநாள் அதற்கு முன்வந்தால், பயிற்சி நடத்துவோருக்கு அது பேருதவியாக இருக்கும்.