பொலிஸ் நிலையத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் வழக்கு முடிந்துவிட்டதா?

அடுத்த கேள்வியைப் பருத்தித்துறையிலிருந்து ஓர் அம்மா அனுப்பியிருக்கிறார். சென்னையில் ஒரு வீட்டில் வேலை பார்த்துவந்த அவருடைய பெறாமகன், அந்த வீட்டில் நகை களவுபோனது தொடர்பாகக் கைது செய்யப்பட்டிருக்கிறார். களவெடுத்ததாகக் காவல் நிலையத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்தும் இட்டுவிட்டாராம். அவர் காட்டிய அடகுக்கடையிலிருந்து ஒரு சங்கிலியையும் மீட்டதாகச் சொல்கிறார்களாம். இனி வழக்கறிஞர் வைத்துப் பயனுண்டா என்பது அம்மாவின் கேள்வி.

பயனுண்டு. காவல்துறை அதிகாரியிடம் செய்த ஒப்புதலை, அதில் எத்தனை கையெழுத்து இருந்தாலும், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க இந்தியச் சட்டம் இடமளிப்பதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 25, 26, 27ஆம் பிரிவுகளாக இருந்த விதிகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தில் 23ஆம் பிரிவாக ஒன்றுசேர்க்கப்பட்டுள்ளன. நமது 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டமும் அந்த இந்தியச் சட்டத்தைப் பின்பற்றியே ஆக்கப்பட்டது என்பதால், இவ்விடயத்தில் இரு நாட்டுப் பொதுச் சட்டமும் ஒன்றுதான்.

அப்படியிருந்தும் அம்மா அஞ்சுவதற்குக் காரணம் எனக்கு விளங்குகிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் அளித்த வாக்குமூலத்தை வைத்தே நமது பிள்ளைகள் பலர் தண்டிக்கப்பட்டதைப் பார்த்தவர்கள் நாம். இந்தியாவிலும் தடா என்ற அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இதே வாசலைத் திறந்துவைத்திருந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தடாக் குற்றங்கள் நிரூபிக்கப்படவில்லை என்று 1999இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம்கூட, அச்சட்டத்தின் கீழ் பெறப்பட்ட வாக்குமூலங்களைக் கொலைக் குற்றத்திற்குச் சான்றாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அவை சிறப்புச் சட்டங்கள். சாதாரணத் திருட்டு வழக்கில் அந்த விதிவிலக்குக் கிடையாது.

எனவே கவலைப்பட வேண்டியது கையெழுத்தைப் பற்றி அல்ல, சங்கிலியைப் பற்றி. காவலில் இருப்பவர் தந்த தகவலால் ஒரு பொருளோ உண்மையோ கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய அளவிற்கு மட்டும் அவர் சொன்னது சான்றாகும் என்பது பழைய 27ஆம் பிரிவின் விதி. அது இன்றும் மாறவில்லை. எந்த அளவு என்பதை 1947இல் வெளியான புலுக்குரி கோட்டய்யா வழக்கின் தீர்ப்பில் பிரித்தானிய ஆட்சிக்கால உச்ச மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தெளிவாக்கியது: கத்தியை வீட்டுக் கூரையில் மறைத்து வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன் என்பது ஏற்கப்படும், அந்தக் கத்தியால்தான் இன்னாரைக் குத்தினேன் என்பது ஏற்கப்படாது. உங்கள் பெறாமகன் விடயத்தில், இன்ன கடையில் சங்கிலியை அடகு வைத்தேன் என்ற வரி மட்டுமே நீதிமன்றத்தில் சான்றாவணமாகக் குறியிடப்பட வேண்டும். களவெடுத்தேன் என்ற வரி உள்ளே வரக்கூடாது.

அந்த ஒரு வரியே போதுமான ஆபத்துத்தான். களவுபோன பொருள் சிறிது காலத்திற்குள் ஒருவர் வசம் இருந்தது நிரூபணமாகி, அது எப்படி வந்தது என்று அவர் காரணம் கூறாவிட்டால், அவரே திருடியவர் அல்லது திருட்டுப் பொருள் என அறிந்தே வாங்கியவர் என நீதிமன்றம் அனுமானிக்கலாம். ஆகவே வழக்கறிஞர் முழு வலுவையும் இந்த மீட்பின் மீதே செலுத்த வேண்டும். அடகுக்கடைப் பதிவேட்டில் யாருடைய பெயர் உள்ளது? அந்தக் கடையைப் பற்றிப் பொலிசாருக்கு முன்பே தெரியுமா? முன்பே தெரிந்திருந்தால் அது கண்டுபிடிப்பே அல்ல. கைப்பற்றல் மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் பதிவில், சாட்சிக் கையெழுத்திட்டவர்கள் உண்மையில் கடைக்குப் போனார்களா? தமிழ்நாட்டில் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளருமே மகஜர் சாட்சிகளாக வருவார்கள். குறுக்கு விசாரணையில் இடம், நேரம், வெளிச்சம் என்று கேட்கும்போது பல மகஜர்கள் காவல் நிலையத்திலேயே எழுதப்பட்டவை என்பது தெரியவரும். இப்போது இன்னொரு வழியும் உண்டு: புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சங்ஹிதாவின் 105ஆம் பிரிவின்படி, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி நீதித்துறை நடுவருக்கு (நீதவானுக்கு) அனுப்ப வேண்டும். அந்தப் பதிவை முதல் நாளிலேயே கேளுங்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். நீதித்துறை நடுவர் முன்னிலையில் அதே நடைமுறைச் சட்டத்தின் 183ஆம் பிரிவின்படி, சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, சொன்னால் எதிராகப் பயன்படலாம் என்று எச்சரித்த பின் பதியப்படும் ஒப்புதல் முழுமையாகச் சான்றாகும். அதற்குப் பிள்ளை சம்மதிக்கும் முன் வழக்கறிஞரைச் சந்தித்தாக வேண்டும். அடித்து எழுதி வாங்கியிருந்தால், காவல் நீட்டிப்பிற்காக நடுவர் முன் நிறுத்தப்படும் அடுத்த தடவையே அதைச் சொல்லிப் பதிவு செய்யட்டும். மாதங்கள் கழித்து விசாரணையில் முதன்முறையாகச் சொல்வதற்குப் பெறுமதி குறைவு.

பணமில்லை என்று தயங்க வேண்டாம். காவலில் உள்ள எவருக்கும் 1987ஆம் ஆண்டின் சட்டப்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். வேலைக்காரர் செய்ததாகக் கூறப்படும் களவுக்கு உச்சத் தண்டனை ஏழு ஆண்டு என்பதால், 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் பிணை கேட்பது அவருடைய உரிமை. ஆனால் இலங்கையர் என்பதால் பிணை கிடைத்தபின் வெளிநாட்டவரைத் தடுத்துவைக்கும் திருச்சி சிறப்பு முகாமுக்கு அனுப்பப்படும் வாய்ப்பும் இருக்கிறது. ஆகையால் பிணை மனு போடும் முன்பே சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்திற்குக் கைது விபரத்தை எழுத்தில் அறிவித்து, அந்தக் கடிதத்தின் பிரதியை வழக்கறிஞரிடம் கொடுத்து வையுங்கள்.