ஏட்டுச் சுரைக்காயைப் பற்றி ஒரு வார்த்தை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரியோரே, வணக்கம். பழைய ஓவியங்களில் வரும் இசைக்கருவிகள் மெய்யா, கற்பனையா என்பது தலைப்பு. மெய் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு பழமொழியை வீசிவிட்டு உட்கார்ந்தார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, படத்து வாத்தியம் கச்சேரிக்கு உதவாது" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அந்தச் சுரைக்காயை ஏட்டில் எப்படி ஏற்றினார்கள் என்று பார்த்துவிடுவோம்.

1525ஆம் ஆண்டு. ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், அளந்து வரைவது பற்றி ஒரு நூல் வெளியிடுகிறார். அதில் ஒரு படம். மேசைமேல் ஒரு லூட் கிடக்கிறது. பேரிக்காயைப் பாதியாக வெட்டிக் கழுத்து வைத்ததுபோல ஒரு நரம்புக்கருவி. எந்தப் பக்கம் பார்த்தாலும் வளைவு. வரைகிறவன் கையை நடுங்க வைக்கும் உருவம். சுவரில் ஒரு வளையம், அதன் வழியே ஒரு நூல், நூலின் ஒரு முனையில் குண்டு தொங்குகிறது. மறுமுனையைப் பிடித்து ஒருவர் லூட்டைத் தொடுகிறார். நடுவில் ஒரு மரச்சட்டம். நூல் அதை எங்கே கடக்கிறது என்று இன்னொருவர் குறித்துக்கொள்கிறார். அப்புறம் நூலை விலக்க வேண்டும், சட்டத்தின் கதவைச் சாத்த வேண்டும், கதவில் இருக்கும் தாளில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஒரே ஒரு புள்ளி! கதவைத் திற, நூலை இழு, தொடு, குறி, விலக்கு, சாத்து, இரண்டாவது புள்ளி. ஐயா, ஒரு லூட்டுக்கு எத்தனை புள்ளி வேண்டும்? மார்கழிக் குளிரில் என் அம்மா குனிந்து கோலப்புள்ளி வைப்பார். ஒரு புள்ளி தவறினால் இழை சேராது. அந்தப் பொறுமையைப் போய்க் கற்பனை என்கிறாரே நம் தலைவர்!

எல்லோரும் நூல் பிடித்துத்தான் வரைந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. லூட்டைச் சரியாக வரைவது அன்றைக்கு ஒரு பரீட்சை. எட்டே ஆண்டு கழித்து, 1533இல், ஹோல்பைன் என்ற ஓவியர் தன் 'தூதுவர்கள்' ஓவியத்தில் லூட் வரைந்தார். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதில் ஒரு நரம்பு அறுந்திருக்கும். பிணக்குக்கு அடையாளம் என்பார்கள், இருக்கட்டும். மற்ற நரம்புகள் அத்தனையும் ஒழுங்காக இருந்தால்தானே அறுந்த ஒன்று கண்ணில் படும்?

இப்போது கறிக்கு வருகிறேன். 1595 வாக்கில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ ஒரு லூட் வாசிப்பவரை வரைந்தார். முன்னால் ஒரு இசைச்சுவடி விரிந்து கிடக்கிறது. அதைப் படித்துப் பார்த்தால், ஆர்க்கடெல்ட் என்ற இசையமைப்பாளர் இயற்றிய காதல் பாட்டு! இன்றைக்கும் பாடலாம். தலைவரே, சுரைக்காய் வெந்து இலைக்கே வந்துவிட்டது. ஐரோப்பாவில் இடைக்காலத்தில் வில்லால் வாசித்த ஃபிடில்கள் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. ஓவியத்தையும் சிற்பத்தையும் பார்த்தே இன்று அவற்றைச் செய்து கச்சேரி வாசிக்கிறார்கள். தேவதைகளுக்குக் கொடுத்த வாத்தியத்தில் நரம்பின் எண்ணிக்கையைத் தவறவிட்ட ஓவியர்களும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒன்றே ஒன்று.

நம் யாழ் எங்கே? பொருநராற்றுப்படையில் புலவர், யாழின் பத்தல், அதாவது அடியில் இருக்கும் ஒலிப்பெட்டி, மான்குளம்பு பதிந்த தடம்போல் பிளவுபட்டிருக்கும் என்று பாடினார். மனசுக்குத் தெரிகிறது, கைக்கு அகப்படவில்லை. இப்படிப்பட்ட வரிகளை வைத்துக்கொண்டுதான் ஈழத்துத் தமிழறிஞர் விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் யாழைத் தேடினார். 1947 ஜூனில் அவர் எழுதிய 'யாழ் நூல்' என்ற புத்தகம் அரங்கேறியது. ஜூலையில் அவர் மறைந்தார். சங்க காலத்தில் யாழ் வாசித்த ஒரு பாணன் பக்கத்தில் ஒருவன், ஒரே ஒருவன், நூலும் குண்டுமாக உட்கார்ந்து புள்ளி வைத்திருந்தால், பாணன் மடியில் இருந்த யாழையே அந்தப் பெரியவர் கண்ணால் பார்த்திருப்பார், ஐயா.

வணக்கம்.