படகுப் பங்கை விற்று 64 கோர் பிராசசர் வாங்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம், உறவுகளே. இன்று ஏழெட்டுக் கேள்விகளை எடுத்து வைத்திருந்தேன். முதல் கேள்வியைத் தாண்டுவேனா என்பது சந்தேகம். தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி எழுதியது. மூன்று நாட்களாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. படித்துவிடுகிறேன்.

"அண்ணே, இராமநாதபுரத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கூடவே ஆல்பமும் உண்டு. இப்போதுள்ள கணினி இழுக்கிறது. 64 கோர் த்ரெட்ரிப்பர் பிராசசர் போட்டுவிட்டால் பத்து வருடத்துக்குக் கவலையே இல்லை என்று கடையில் சொல்கிறார்கள். தடைக்காலத்தில் படகு கரையில்தானே கிடக்கிறது, விசைப்படகில் தனக்குள்ள கால் பங்கை விற்றுத் தருகிறேன் என்று அப்பா சொல்லிவிட்டார். வாங்கலாமா?"

தம்பி, வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடப்பதைப் பார்த்து அப்பாவுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. ஜூன் 15 விடியும்போது அந்தக் கால் பங்கு மறுபடியும் சோறு போடும். நீங்கள் வாங்கப்போகும் பிராசசர் உங்கள் வேலையில் பெரும்பகுதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. ஏன் என்று விளக்குகிறேன்.

ஒரு சொல் விளக்கம். கணினியின் மூளையான பிராசசரைச் செயலி என்றுதான் இங்கே சொல்லிவந்தேன். இப்போது கைபேசி ஆப்பையும் செயலி என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். கேட்பவர்கள் குழம்புகிறார்கள் என்பதால் இனிமேல் பிராசசர் என்றே சொல்கிறேன். கோர் என்பது அந்தப் பிராசசருக்குள் தனியாக வேலை செய்யக்கூடிய ஒரு பகுதி; 64 கோர் என்றால் 64 வேலையாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

த்ரெட்ரிப்பர் என்பது ஏ.எம்.டி. நிறுவனத்தின் வரிசை. 2017 ஆகஸ்டில் முதலில் வந்தபோது அதில் பெரியது 16 கோர், விலை 999 டாலர். 2020 பிப்ரவரியில் 64 கோர் வந்தது, 3,990 டாலர். 2023இல் புரோ வரிசையில் 96 கோர், 9,999 டாலர். இன்டெல் பக்கம் இதற்குப் போட்டியான வரிசை ஜியான் டபிள்யூ. அதிலும் 2023இல் 56 கோர் வரை போனார்கள். தம்பியிடம் கடைக்காரர் சொன்னது 2023இல் வந்த 64 கோர் 7980எக்ஸ் என்றால், அதன் அறிவிப்பு விலை 4,999 டாலர். ரூபாயாக மாற்றினாலே நான்கு இலட்சத்தைத் தாண்டுகிறது. அதற்கென்று தனி மதர்போர்டு வேண்டும். மெமரியும் சாதாரண மெமரி ஏறாது, சர்வர்களில் போடும் ரெஜிஸ்டர்டு வகைதான் ஏறும். வாங்கிய பிறகு இந்தக் கணக்கைக் கேட்டுத் தலையில் கை வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விலை கிடக்கட்டும். கோர் அதிகமானால் வேலை வேகமாக முடியாதா? இதுதான் கேள்விக்குள் இருக்கிற கேள்வி. பழைய பேச்சுகளைக் கேட்டவர்கள் அடுத்து நான் என்ன சொல்வேன் என்று கண்டுபிடித்திருப்பீர்கள். ஆமாம், கரைவலைதான். சலிக்காமல் மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

தனுஷ்கோடி பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வள்ளம் கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் அரைவட்டமாகப் போய், வலையை இறக்கி, மறுமுனையோடு கரைக்குத் திரும்புகிறது. பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்கிறார்கள். இழுக்கப் பத்துப் பேர் நின்றால் ஒரு வேகம், முப்பது பேர் நின்றால் வேறு வேகம். ஆனால் வள்ளம் வளைந்து வரும் நேரம்? கரையில் ஊரே திரண்டு நின்றாலும் அந்த நேரம் ஒரு நொடிகூடக் குறையாது. கரையில் நிற்கும் ஆட்கள் கோர்கள். வள்ளம் போய் வரும் நேரம், ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே செய்யக்கூடிய வேலை.

இதை 1967இல் ஜீன் அம்டால் என்ற கணினி வல்லுநர் கணக்காகவே சொல்லிவிட்டார். ஒரு வேலையில் பத்தில் ஒன்பது பங்கைப் பிரித்துக் கொடுக்கலாம், ஒரு பங்கைப் பிரிக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 கோர் போட்டால் 6.4 மடங்கு வேகம். 64 கோர் போட்டால் 8.8 மடங்குதான். கோர் நான்கு மடங்காகக் கூடியும், வேகம் ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை. ஆயிரம் கோர் போட்டாலும் பத்து மடங்கைத் தொட முடியாது. அந்த ஒரு பங்கு, வள்ளம் போய் வரும் நேரம், அப்படியே நிற்கிறது.

அதோடு, நிறைய கோர் உள்ள பிராசசரில் தனிக் கோரின் வேகமும் கூடுதலாக இருப்பதில்லை. 64 கோர் 7980எக்ஸ் உச்சத்தில் 5.1 கிகாஹெர்ட்ஸ் ஓடும். அதே ஏ.எம்.டி.யின் சாதாரண மேசைக் கணினிக்கான 16 கோர் 9950எக்ஸ் 5.7 வரை ஓடும். அதன் அறிவிப்பு விலை 649 டாலர். பிரிக்க முடியாத வேலையில் விலை குறைந்ததுதான் முந்துகிறது. ஆல்பத்துக்குப் படங்களை அடுக்கி ஒளிதிருத்தும் வேலை பெரும்பாலும் இந்த வகை.

இப்போது தம்பியின் கணினி எங்கே இழுக்கிறது என்று பார்ப்போம். அவர் அதை எழுதவில்லை. ஆனால் கடந்த மாதம் இராமநாதபுரத்தில் இதே தொழில் செய்யும் ஒரு நண்பரின் கடைக்குப் போயிருந்தேன். அவருக்கும் இதே குறை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். முடித்த வீடியோவைக் கோப்பாக்கும் எக்ஸ்போர்ட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார். அங்கே அவருக்கு அவசரமே இல்லை. காட்சிகளை அடுக்கி வெட்டும் டைம்லைனில் தாலி கட்டும் காட்சியை முன்னும் பின்னும் ஓட்டும்போதுதான் படம் திக்கித் திக்கி நிற்கிறது. அவரை வாட்டியது அதுதான்.

காரணம் கேமரா. புதிய கேமராக்கள் பல எச்.265 என்ற சுருக்கும் முறையில் 10 பிட், 4:2:2 என்ற வகையில் பதிவு செய்கின்றன. மிகவும் நெருக்கிச் சுருட்டிய பதிவு. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அதை விரிக்க வேண்டும். விரிப்பதற்கென்றே தனிச் சுற்று சில்லுக்குள் இருந்தால் வெண்ணெயாக ஓடும். இன்டெல்லின் அண்மைக்காலப் பிராசசர்கள் பலவற்றில் குயிக் சிங்க் என்ற பெயரில் அது இருக்கிறது. 2025இல் வந்த என்விடியா 50 வரிசை கிராபிக்ஸ் அட்டைகளிலும் இந்த 4:2:2 பதிவை விரிக்கும் வசதி வந்துவிட்டது. த்ரெட்ரிப்பரிலோ உள்ளே கிராபிக்ஸ் பகுதியே கிடையாது. நான்கு இலட்சம் கொடுத்து வாங்கியதில், உங்களுக்குத் தேவையான அந்த ஒரு பொருள் இல்லை! இதைக் கடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த நண்பருக்குப் பணமே செலவில்லாத வழி ஒன்றைத்தான் முதலில் காட்டினேன். பிராக்ஸி. இரவு படுக்கப் போகும்போது எல்லாப் பதிவுக்கும் சிறிய நகல் போடச் சொல்லிவிட வேண்டும். காலையில் நகலை வைத்து வெட்டி ஒட்டி, கடைசியில் எக்ஸ்போர்ட்டின்போது மட்டும் அசலுக்கு மாற்றிக்கொள்ளலாம். மறுநாள் பேசியபோது அவர் குரலே மாறியிருந்தது.

ஆகவே நான் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் சொல்வேன்: எந்தப் பிராசசர் என்று கேட்பதற்கு முன், என் வேலை எங்கே காத்து நிற்கிறது என்று கேளுங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நாள் வேலை செய்யுங்கள். மொத்த விழுக்காட்டை நம்பாதீர்கள். 64 கோர் பிராசசர் ஒரே நேரத்தில் 128 வேலைகளை ஓட்டும், ஒவ்வொன்றையும் இழை என்பார்கள். அப்படி 128 இழை உள்ள இயந்திரத்தில் ஒரே ஒரு இழை மூச்சைப் பிடித்து ஓடினால் அது ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடாது. ஆள் இல்லாத வீடு போலத் தெரியும். உண்மையில் ஓர் ஆள் முதுகொடிய உழைத்துக்கொண்டிருப்பான். அதில் பிராசசரின் வரைபடத்தில் வலது கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசசர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். ஒரே ஒரு கட்டம் மட்டும் உச்சியில் நின்றால், கோரைக் கூட்டிப் பயனில்லை. எல்லாக் கட்டமும் உச்சியில் நிமிடக்கணக்காக நின்றால், அப்போது வாருங்கள், பேசுவோம்.

அப்படி எல்லாக் கட்டமும் நிறைகிறவர்கள் இருக்கிறார்கள். கிராபிக்ஸ் அட்டையின் மெமரிக்குள் அடங்காத பெரிய முப்பரிமாணக் காட்சிகளைப் பிராசசரிலேயே ரெண்டர் செய்பவர்கள், அதாவது கணக்குப் போட்டுப் படமாக்குபவர்கள். இலட்சக்கணக்கான வரி நிரலை நாளுக்குப் பத்து முறை கம்பைல் செய்பவர்கள், அதாவது இயந்திர மொழிக்கு மாற்றுபவர்கள். ட்ரோன் படங்களைத் தைத்து நில வரைபடம் ஆக்குபவர்கள். ஒரே பெட்டியில் பத்து மெய்நிகர் கணினி ஓட்டுபவர்கள். இவர்களுக்கு அந்த விலை நியாயமானது.

உண்மையில் என்னிடம் யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருக்கும் கேள்வி இன்னொன்று. நம் கரையில் இப்படி ஓர் இயந்திரத்துக்கு ஏற்ற வேலை இருக்கிறதா? இருக்கிறது. மண்டபத்தில் ஓர் ஆய்வு மாணவியைப் பார்த்தேன். பாம்பன் கால்வாய் வழியாகத் தென்கடலுக்கும் (மன்னார் வளைகுடா) வடகடலுக்கும் (பாக் விரிகுடா) இடையில் நீரோட்டம் எப்படி மாறுகிறது என்று கணக்கிடுகிறார். கச்சான் காற்றின்போது ஒரு திசை, வாடையின்போது வேறு திசை என்று நம் மீனவர்கள் உடம்பால் அறிந்ததை அவர் எண்ணாக எழுதப் பார்க்கிறார். ரோம்ஸ் என்ற இலவசக் கடல் மாதிரி மென்பொருள். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்குப் போடும்.

ஒரு கிலோமீட்டர் கட்டத்தில் கால்வாய் சரியாகத் தெரியவில்லை என்று 500 மீட்டராகக் குறைத்திருக்கிறார். பாதிதானே என்று நினைக்காதீர்கள். நீளத்தில் இரண்டு மடங்கு, அகலத்தில் இரண்டு மடங்கு, ஆக நான்கு மடங்கு கட்டங்கள். கட்டம் சிறியதானால், ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையிலான நேரப் படியையும் பாதியாக்க வேண்டும். மொத்தம் எட்டு மடங்கு வேலை. ஒரு நாளில் முடிந்தது எட்டு நாள். 250 மீட்டருக்குப் போனால் அறுபத்து நான்கு நாள். அவர் இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வயிற்றைப் பிசைந்தது.

ஆனால் அவருக்கும் நான் கோர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள் என்றுதான் சொன்னேன். அவருடைய 16 கோர் கணினியில் 8 கோரை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். ஏறக்குறைய அதே நேரம்! மீதி எட்டுப் பேர் எங்கே போனார்கள்? பாம்பனில் நிற்கிறார்கள். தூக்குப்பாலம் திறக்கும்வரை படகுகள் வரிசையில் காத்துக் கிடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1914ஆம் ஆண்டுப் பாலம் இரண்டு இறக்கையாக விரிந்தது. 2025இல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே மேலே எழும்புகிறது. எப்படித் திறந்தாலும் வழி ஒன்றுதான். நூறு படகு சேர்ந்தால் வரிசைதான் நீளும்.

பிராசசருக்கும் மெமரிக்கும் இடையில் உள்ள வழிகளைச் சேனல் என்கிறார்கள். சாதாரண மேசைக் கணினியில் இரண்டு. த்ரெட்ரிப்பரில் நான்கு. த்ரெட்ரிப்பர் புரோவிலும் பெரிய ஜியான் டபிள்யூவிலும் எட்டு. கடல் மாதிரி ஓயாமல் மெமரியிலிருந்து எண்களை வாரி எடுக்கும் வேலை. அவருக்கு வேண்டியது எட்டு வழி. 64 கோரும் நான்கு வழியும் உள்ளதைவிட, 24 அல்லது 32 கோரும் எட்டு வழியும் உள்ள புரோ அவருக்குப் பொருத்தம். 2018இல் வந்த 32 கோர் த்ரெட்ரிப்பர் 2990டபிள்யூஎக்ஸை நினைவிருக்கிறதா? உள்ளே நான்கு துண்டுச் சில்லுகள். அவற்றில் இரண்டுக்கு மெமரிக்கு நேர்வழியே இல்லை, பக்கத்துத் துண்டைக் கேட்டுத்தான் போக வேண்டும். சில வேலைகளில் அதே வரிசையின் 16 கோர் அதை முந்தியது. அந்தப் பாடத்தை நான் மறக்கவே இல்லை.

அவருக்குப் பிழைதிருத்தும் மெமரியும் அவசியம். எட்டு நாள் ஓடும் கணக்கில் ஐந்தாம் நாள் ஒரு பிட் புரண்டால் கடைசி எண் தவறாக வரும். தவறு என்று தெரியவும் தெரியாது. கல்யாண வீடியோவில் ஒரு புள்ளி நிறம் மாறினால் யாரும் கவனிக்கப் போவதில்லை.

இன்னொன்றை இரண்டு பேருக்குமே சொல்ல வேண்டும். உச்சிப்புளியில் என் வீட்டிலிருந்து கடல் நடக்கும் தூரம்தான். சில ஆண்டுகளுக்கு முன் என் கணினி திடீர் திடீரென நின்றுபோனது. பழுது பார்த்தவர் மதர்போர்டை மாற்றச் சொன்னார். மாற்றினேன், பணமும் போயிற்று, குறை தீரவில்லை. கடைசியில் மெமரியைக் கழற்றிப் பார்த்தால் தங்கப் பூச்சு ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்று. 350 வாட் பிராசசரைக் குளிர்விக்க விசிறிகள் அவ்வளவு காற்றை உள்ளே இழுக்கும். காற்றோடு உப்பும் வரும். சன்னல் பக்கம் வைக்காதீர்கள். வடிகட்டியை மாதம் ஒரு முறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள். எட்டு மணி நேரம் முழு வீச்சில் ஓடினால் பிராசசர் மட்டுமே 2.8 யூனிட் குடிக்கும் என்பதையும், மின்சாரம் போனால் உங்கள் யு.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்குப் பாருங்கள்.

தங்கச்சிமடத்துத் தம்பி, வைகாசி முகூர்த்தங்கள் இருக்கின்றன, உங்களுக்கு வேலை நெருக்கும் என்று தெரியும். இன்றிரவே பிராக்ஸி போட்டுவிட்டுப் படுங்கள். ஒரு வாரம் அதில் வேலை செய்துவிட்டு, எங்கே காத்து நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அதன் பிறகும் இழுத்தால், குயிக் சிங்க் உள்ள ஒரு நடுத்தரப் பிராசசர், 64 ஜி.பி. மெமரி, நல்ல எஸ்.எஸ்.டி. ஒன்று, எல்லாம் எவ்வளவு ஆகும் என்று நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன். இந்தப் பேச்சை அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஐயா, பங்கை விற்காதீர்கள்.