ஊதாதீர்கள், உறிஞ்சுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். இதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பின்வரிசை வரைக்கும் அனுப்புங்கள், ஆனால் பத்திரமாகத் திரும்பி வரணும், செய்து முடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. யாராவது வாயில் வைத்து ஊதுவீர்கள் என்று தெரியும். ஊதினால் வெறும் காற்றுதான் வரும்.

இது வான்கோழி இறக்கை எலும்பில் செய்த குழல், வான்கோழியைக் கூப்பிடுவதற்கு. நமக்கு வான்கோழி என்றால் மயிலைப் பார்த்து ஆடி அவமானப்பட்ட பறவை. அமெரிக்காவின் தென்கிழக்குக் காடுகளில் அவமானம் வேட்டைக்காரனுக்குத்தான், ஏனென்றால் காட்டு வான்கோழிக்கு மோப்பம் அவ்வளவாகக் கிடையாதே தவிர கண்ணும் காதும் பொல்லாதவை. அதனால் பின்னால் துரத்திப் பயனில்லை, கூப்பிட்டு வரவழைக்கணும். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்குள்ள பூர்வகுடிகள் அதன் எலும்பாலேயே அதைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சரி, எப்படிச் செய்வது? இறக்கையில் மூன்று நீள எலும்புகள்: தோளை ஒட்டித் தடியாக ஒன்று, அதற்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு, அதில் ஒன்று நடுத்தரம், இன்னொன்று சுள்ளி மாதிரி ஒல்லி. நடுத்தர எலும்பைத் தடவினால் வரிசையாகக் குட்டிப் புடைப்புகள் தட்டுப்படும், இறகுகள் பிடித்துக்கொண்டிருந்த இடம் அது. சிலர் உப்புத்தாள் போட்டு மழித்துவிடுவார்கள், எனக்கு மனசு வரவில்லை.

சதையைச் சுரண்டி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் மிதமாகக் கொதிக்க விட்டு, இரண்டு முனைகளையும் மெல்லிய ரம்பத்தால் அறுத்து, கம்பியால் மஜ்ஜையைத் தள்ள வேண்டும். ஆட்டுக்கால் சூப் மாதிரி மணிக்கணக்கில் கொதிக்க விட்டால் எலும்பு வீணாகும். வெளுக்க வேண்டுமென்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு போதும், பிளீச்சிங் வேண்டாம். நான் முதல் எலும்பைப் பிளீச்சில் ஊறப்போட்டேன், கரும்பலகைச் சாக்பீஸ் மாதிரி உதிர்ந்துவிட்டது.

அப்புறம் ஒல்லியானதை நடுத்தரத்துக்குள்ளும், நடுத்தரத்தைத் தடியனுக்குள்ளும் அரை அங்குலம் நுழைத்து, இடுக்கை எபாக்சிப் பசையால் அடைத்து, மேலே நூல் சுற்ற வேண்டும். ஒரு முனையை விரலால் மூடிக்கொண்டு மறுமுனையில் உறிஞ்சிப் பாருங்கள், காற்று கசிந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

எலும்பு கிடைப்பதிலும் ஒரு சிக்கல். பெட்டையின் எலும்புக்குத்தான் குரல் மெல்லிசாக, உயரமாக வரும். ஆனால் அமெரிக்காவில் வசந்தகாலத்தில் பெரும்பாலான மாநிலங்களில் சேவலையோ, நெஞ்சில் தாடி மயிர் தொங்கும் பறவையையோதான் சுடலாம், ஆகவே பெட்டையின் இறக்கைக்கு இலையுதிர்காலம் வரை காத்திருக்கணும். கடையில் விற்கும் வான்கோழி சில மாத வயதிலேயே வெட்டப்படுவதால் எலும்பு முற்றியிருக்காது.

இப்போது சத்தம். குழந்தைக்குத் தூரத்திலிருந்து முத்தம் கொடுப்போமே, அதே மாதிரி உதட்டை இறுக்கி ஒல்லி முனையில் வைத்து காற்றை உள்ளே இழுங்கள். அதிர்வது எலும்பு அல்ல, உங்கள் உதடு. இன்னொரு முனையைச் சுற்றி இரண்டு கையையும் குவித்துத் திறந்து மூடினால் குரல் நிறம் மாறும். உயரத்தில் தொடங்கி சட்டென்று கீழே இறங்கி உடைய வேண்டும், அதுதான் பெட்டையின் குரல். நன்றாக வர எனக்கு ஒரு மாதம் ஆனது, அதற்குள் வீட்டில் என்னை வராந்தாவுக்கு விரட்டிவிட்டார்கள்.

1897இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஹென்றி கிப்சன் மரப்பெட்டி அழைப்பானுக்குக் காப்புரிமை வாங்கினார். மூடியை உரசினால் போதும், யாருக்கும் வரும். ஆனால் மழையில் பெட்டி நனைந்தால் ஊமை, எலும்புக்கு அந்தக் கவலை இல்லை.

நிறையக் கூப்பிடுவதும் தப்பு. இயற்கையில் சேவல் கத்தும், பெட்டைதான் தேடிப்போகும். நாம் அதைத் தலைகீழாக்கப் பார்க்கிறோம். இங்கே கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், ‘அவள்தான் வருகிறாளே’ என்று சேவல் நின்ற இடத்திலேயே விறைத்து நிற்கும். இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால்தான் அதற்குச் சந்தேகம் வந்து கால் நகரும்.

ஒரு எச்சரிக்கை: சிவப்பு, வெள்ளை, நீலம் உடுத்திக்கொண்டு காட்டில் கூப்பிடாதீர்கள். சேவலின் தலை நிறம் அதுதான், உங்கள் குரலைக் கேட்டு வருவது இன்னொரு வேட்டைக்காரனாகவும் இருக்கலாம்.

நான் துப்பாக்கி எடுத்ததில்லை. ஏப்ரலில் ஒரு விடியலில் நண்பர் ஒருவரின் தோப்பில் மரத்தில் சாய்ந்து மூன்று தடவை கூப்பிட்டேன், எங்கோ மேட்டிலிருந்து பதில் வந்தது, நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தேன், கால் மரத்துப்போனது, அது வரவே இல்லை.

சரி, குழல் இப்போது யாரிடம் இருக்கிறது? துடைத்துவிட்டு ஒருவர் முயற்சி பண்ணுங்கள். ஊதக் கூடாது.