டாமின் அலறலும் 12 பிரேமும்

நேயர்களுக்கு வணக்கம்.

கார்ட்டூனைப் பற்றி வானொலியில் என்ன பேச இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். நான் பேசப்போவது டாம் அண்ட் ஜெர்ரி பற்றி. அடுத்த அறையில் டிவி ஓடுகிறது, நீங்கள் அடுப்படியில் இருக்கிறீர்கள். திரையைப் பார்க்காமலேயே ஓடுவது டாம் அண்ட் ஜெர்ரிதான் என்று சொல்லிவிடுவீர்கள். பூனை பதுங்கி நடக்கிறது, இப்போது வாலில் ஏதோ விழுந்தது, இப்போது ஓடுகிறது என்பதுவரை காதே சொல்லிவிடும். அந்தக் காதுக்குப் பின்னால் இருக்கும் வேலையைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

1995-இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது. ஆங்கிலத்தில்தான் வந்தது. ஆனாலும் கேபிள் இருந்த வீடுகளில் ஆங்கிலம் தெரியாத பாட்டியும் பேரனோடு உட்கார்ந்து டாமையும் ஜெர்ரியையும் ரசிக்க முடிந்தது. அதில் பேச்சு மிகக் குறைவு என்பதுதான் காரணம். பேச்சு செய்ய வேண்டிய வேலையை இசை செய்தது.

நமக்கு இது டிவி கார்ட்டூன். ஆனால் டிவிக்காக எடுத்தது இல்லை. 1940 முதல் 1958 வரை, அமெரிக்காவில் எம்.ஜி.எம். நிறுவனம், திரையரங்குகளில் பெரிய படத்தோடு சேர்த்துக் காட்டுவதற்காக எடுத்த 114 குறும்படங்கள் இவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 நிமிடம். இயக்கியவர்கள் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்ற இருவர். முதல் படத்தில் பூனையின் பெயர் டாம்கூட இல்லை, ஜாஸ்பர். 1941-இல் வந்த அடுத்த படத்தில்தான் டாம், ஜெர்ரி என்ற பெயர்கள் வந்தன.

இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். கதையைப் படம் படமாக வரைவது பார்பெரா. அந்தப் படங்களுக்குக் காலம் குறிப்பது ஹன்னா. பூனை எத்தனை நேரம் நிற்க வேண்டும், எத்தனை நேரத்தில் விழ வேண்டும் என்று கணக்குப் போடுவது அவர் பொறுப்பு. ஹன்னாவுக்கு இசை தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

சினிமா ஃபிலிம் ஒரு நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், ஓடும். இப்போது, வண்டி ஓட்டாதவர்கள் மட்டும், ஒரு நொடிக்கு இரண்டு முறை கை தட்டிப் பாருங்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் 12 பிரேம் ஓடிவிடும். கர்நாடக இசை கேட்கிறவர்களுக்கு இது உடனே பிடிபடும்: இந்த வேகத்தில் ஆதி தாளம் போட்டால் ஓர் ஆவர்த்தனம் 4 நொடி, அதாவது 96 பிரேம். கார்ட்டூன்காரர்கள் தாளத்தை நொடியில் எண்ணவில்லை, பிரேமில் எண்ணினார்கள். ஓர் அடி எடுத்து வைக்க 12 பிரேம் கொடுத்தால் இயல்பான நடை. 16 கொடுத்தால் உலாவும் நடை. 8 கொடுத்தால் அவசர நடை. இதில் 12 என்பது நிமிடத்துக்கு 120 தட்டு, 16 என்பது 90, 8 என்பது 180. ஆக, நடையைத் தீர்மானித்த அந்தக் கணத்திலேயே பாட்டின் வேகமும் தீர்மானமாகிவிடுகிறது.

திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். படத்தை வரைந்து முடித்துவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி ஏதோ ஓர் இசையைப் போட்டு ஒட்டவில்லை. ஒரு கோடு வரைவதற்கு முன்பே தாளம் தாளில் இருந்தது. ஹன்னா குறித்த அந்தத் தாளைப் பார்த்துத்தான் வரைகிறவர்கள் வரைந்தார்கள். அதே கணக்கை வைத்துத்தான் இசையமைப்பாளர் எழுதினார்.

அந்த இசையமைப்பாளர் ஸ்காட் பிராட்லி. 114 படங்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இவர்தான். இவர் பெயரை நம் ஊரில் யாருமே சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம். அவரிடம் இருந்தது சுமார் 20 பேர் கொண்ட வாத்தியக் குழு. 20 பேர் என்பது சினிமாவுக்குச் சிறிய குழு. அதனால் அவர் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி நடிகராகப் பயன்படுத்தினார். டாம் நுனிக்காலில் நடந்தால் வயலினை வில்லால் இழுக்காமல் விரலால் சுண்டுவார்கள். கண் சிமிட்டினால் சைலஃபோனில் ஒரே ஒரு தட்டு. மாடியிலிருந்து விழுந்தால் டிராம்போன் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

இதை வாசிப்பது சாதாரண வேலை இல்லை. காதில் மாட்டிய கருவியில் டிக், டிக் என்று தாளம் கேட்டுக்கொண்டே இருக்கும், அதை விட்டு நகரக்கூடாது. ஏன் இத்தனை கண்டிப்பு? வாசிப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டும் மெதுவாகிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரியில் அது யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு நிமிடத்தில் 1.2 நொடி பின்தங்கிவிடும். அதாவது ஏறக்குறைய 29 பிரேம். இஸ்திரிப்பெட்டி டாம் தலையில் விழுந்து, அவன் எழுந்து ஓடத் தொடங்கிய பிறகு 'டமார்' கேட்கும். சிரிப்பு செத்துவிடும்.

பிராட்லி குழந்தைகளுக்குத்தானே என்று எளிதாக எழுதியவர் இல்லை. 1944-இல் வந்த 'புட்டின் ஆன் தி டாக்' படத்தில் ஜெர்ரி நாய்த்தலை பொம்மையை மாட்டிக்கொண்டு ஓடும் காட்சி வரும். அதற்கு ஷோன்பெர்க் என்ற இசையமைப்பாளரின் பன்னிரண்டு ஸ்வர முறையைப் பயன்படுத்தினார். ஒரு ஸ்தாயியில் உள்ள பன்னிரண்டு ஸ்வரங்களும் வந்து முடியும்வரை எதுவும் திரும்ப வராத முறை அது. அந்த நாளில் ஐரோப்பியக் கச்சேரி மேடைகளிலேயே பலர் கேட்டுத் திகைத்த இசை. ஒலிப்பதிவின்போது வாசித்தவர்களே சிரித்துவிட்டார்கள் என்று பிராட்லி எழுதியிருக்கிறார். 2013-இல் லண்டனில் பி.பி.சி. ப்ராம்ஸ் இசைவிழா மேடையில் ஜான் வில்சனின் குழு இந்த டாம் அண்ட் ஜெர்ரி இசையை நேரடியாக வாசித்தது. வாய்ப்புக் கிடைத்தால் தேடிக் கேளுங்கள். படம் இல்லாமலே படம் தெரியும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். 'தி கேட் கன்சர்ட்டோ', 1947-இல் ஆஸ்கர் வாங்கிய படம். டாம் கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் பியானோ வாசிக்கிறான். ஜெர்ரி பியானோவுக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. வாசிப்பது லிஸ்ட் என்ற இசையமைப்பாளர் எழுதிய ஹங்கேரியன் ராப்சடி இரண்டாவது. இங்கே இசைதான் முதலில், வரைவது பிறகு. டாமின் கை கட்டையில் எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். கீழ்ஸ்தாயி கேட்கும்போது கை இடது பக்கம், மேல்ஸ்தாயி கேட்கும்போது வலது பக்கம். வேகமான இடங்களிலும் ஏனோதானோ என்று விரல் ஆடவில்லை. சினிமாவில் நிஜ நடிகர்கள் பியானோ முன்னால் உட்கார்ந்து தோளை ஆட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

டாமின் அலறலைச் சொல்லாமல் விட முடியாது. 'ஆ' என்று ஓர் அலறல், கேட்டவர் யாரும் மறக்க மாட்டார். அது ஹன்னாவின் சொந்தக் குரல். நாம் கத்தும்போது தொடக்கத்தில் குரல் கொஞ்சம் ஏறும், முடிவில் இறங்கும். பதிவு செய்ததில் இந்த இரண்டு முனைகளையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். உச்சத்தில் இருக்கும் நடுப்பகுதி மட்டும் மிச்சம். அதனால்தான் அது எங்கிருந்தோ பாய்ந்து வந்து, சட்டென்று நிற்கிறது. உங்கள் போனில் ஒரு சத்தத்தைப் பதிவு செய்து, முன்னும் பின்னும் வெட்டிக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

வரைகிற வேலைக்கு வருகிறேன். 7 நிமிடம் என்றால் 10,080 பிரேம். நிதானமான அசைவுக்கு ஒரு படத்தை இரண்டு பிரேம் வைக்கலாம், கண் ஏற்றுக்கொள்ளும். ஆனால் டாம் ஓட, பின்னால் சுவர் நகர்ந்துகொண்டே இருக்கும் காட்சியில் இது ஆபத்து. சுவர் ஒவ்வொரு பிரேமும் நகரும், டாம் இரண்டு பிரேமுக்கு ஒரு முறைதான் மாறுவான். பூனை தரையில் வழுக்கி வெட்டிவெட்டி ஓடுவதுபோல் தெரியும். ஆகவே அந்த இடங்களில் பிரேமுக்கு ஒரு படம் வரைந்தே தீர வேண்டும். துரத்தல் என்றால் செலவு இரட்டிப்பு என்று அர்த்தம்.

வரைந்ததை 'செல்' என்ற ஒளிபுகும் தாளில் படியெடுப்பார்கள். கோடு முன்பக்கம், வண்ணம் பின்பக்கம். டாமுக்கு ஒரு தாள், ஜெர்ரிக்கு ஒரு தாள். டாம் அசையாமல் நிற்கும்போது ஜெர்ரியின் தாளை மட்டும் மாற்றினால் போதும். இதில் ஒரு சிக்கல் உண்டு. செல் முழுக்கத் தெளிவானது இல்லை. மேலே ஒவ்வொரு தாள் ஏறும்போதும் கீழே இருப்பதன் நிறம் சற்று மங்கும். ஜெர்ரி வளைக்குள் போனதும் அதன் தாளை எடுத்துவிட்டால், கீழே இருக்கும் டாமின் சாம்பல் நிறம் திடீரென்று பளிச்சென்று மாறிவிடும். அதனால் எதுவும் வரையாத வெற்றுத்தாள் ஒன்றை அந்த இடத்தில் வைத்தே படம் எடுப்பார்கள். அடுக்கின் எண்ணிக்கை காட்சி முடியும்வரை மாறக்கூடாது.

நேரம் நெருங்குகிறது என்று சைகை வருகிறது. இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950களின் நடுவிலிருந்து வந்த படங்கள் சினிமாஸ்கோப் அகலத்தில் எடுக்கப்பட்டவை. பழைய பெட்டி டிவியில் அவற்றின் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டன. துரத்துபவன் திரையில், ஓடுவது திரைக்கு வெளியே. அந்தப் படங்கள் ஏதோ குறைபோலத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, எதிரொலியோடு விநோதமான சத்தங்கள் கேட்கும் டாம் அண்ட் ஜெர்ரி சில நினைவிருக்கும். அவை ஜீன் டெய்ச் 1961, 62-இல் ப்ராக் நகரில் எடுத்த 13 படங்கள். சத்தங்களைச் செய்தவர் மின்னணு இசைக்காரர் டாட் டாக்ஸ்டேடர். ஹன்னாவும் இல்லை, பிராட்லியும் இல்லை. பிறகு 1963 முதல் 67 வரை சக் ஜோன்ஸ் 34 படங்கள் எடுத்தார், டாமுக்குப் புருவம் தடித்தது அவற்றில்தான். கறுப்பினப் பணிப்பெண் பாத்திரம் வரும் பழைய படங்களை டிவிக்காகத் திருத்தியதும் அந்தக் காலத்தில்தான். அந்தச் சித்திரிப்பு தவறானது, அதைத் தனியாகவே பேச வேண்டும், இன்று நேரமில்லை.

பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறவர்கள் 1943 முதல் 1953 வரை வந்தவற்றிலிருந்து தொடங்குங்கள். தொடக்க அட்டையில் ஸ்காட் பிராட்லி பெயர் இருக்கும். வணக்கம்.